கதவுக்கு வாசித்தவன்

பேஸ் கிட்டாரை நான் முதலில் கேட்டது உள்ளங்கையால். காது அப்புறம்தான் வந்து சேர்ந்துகொண்டது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்குப் பதினேழு. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் தெருவில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அம்மா மாடியில் இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாள். அந்தத் தெருவில் மாடி உள்ள எல்லோரும் செய்வதுதான். தீபம் முடிந்த கையோடு வருவார்கள், பங்குனி வெயில் சுட ஆரம்பித்ததும் கிளம்பிவிடுவார்கள். அந்த வருடம் வந்தது நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி. எந்த நாடு என்று அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மாடி வெள்ளைக்காரம்மா, அவ்வளவுதான்.

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது அண்ணன் வேலை. பின்னாலேயே போய் வேடிக்கை பார்ப்பது என் வேலை. ஒரு நாள் காலை அவன் தோளில் கேன் இருந்ததால் நான் கதவைத் தட்டப் போனேன். கை பட்டதும் எடுத்துவிட்டேன்.

"அண்ணா, கதவு துடிக்குது."

"ஒளறாத."

கேனை இறக்கி வைத்துவிட்டு அவனும் கையை வைத்துப் பார்த்தான். பிறகு காதை வைத்தான். நானும் வைத்தேன். இரண்டு பல்லிகள் மாதிரி கதவில் ஒட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே யாரோ மிக மெதுவாக, மிக ஆழத்தில் நடப்பதுபோல ஒரு சத்தம். அந்தம்மா கதவைத் திறந்தபோது நாங்கள் உள்ளே விழாத குறை.

அவளிடம் இருந்தது நாலே கம்பி உள்ள நீளமான கிட்டார். மின்சாரத்தில் சத்தம் போடும் ஜாதி. ஆனால் அதற்கான பெட்டி அவளிடம் இல்லை. பெட்டி இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அதனால் அவள் நாற்காலியைக் கதவோரம் போட்டு, கிட்டாரின் தலையைக் கதவு மரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பாள். கதவு முழுவதும் பாடும். கைஜாடையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் அவள் இதை விளக்கினாள். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஈ புகுந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

அவள் அவனுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. யாருக்கும் எதையும் சொல்லித் தருகிற ஆளாக அவள் இல்லை. காலையில் மலையைப் பார்த்துக் கண்ணை மூடி உட்காருவாள், பப்பாளி சாப்பிடுவாள், பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் வாசிப்பாள். அண்ணன் வெளியே படியில் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவான். பங்குனியில் ஊருக்குக் கிளம்பும்போது விமானத்தில் எடை ஜாஸ்தி என்று கிட்டாரை எங்களிடம் விட்டுவிட்டு, அடுத்த வருடம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வரவில்லை. ஒரு கடிதாசு கூட இல்லை. இருக்கிறாளா போய்விட்டாளா என்பதும் தெரியாது. "அடுத்தவங்க பொருள்டா, தொடாத" என்று அம்மா அதைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டிருந்தாள். அவள் மதியம் கண்ணயரும் நேரம் அது பரணைவிட்டு இறங்கும்.

எங்கள் வீட்டில் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு தேக்குக் கதவு. அப்பா கடன்பட்டாவது போட்ட ஒரே ஆடம்பரம். அண்ணன் கூடத்துப் பக்கம் உட்கார்ந்து கிட்டாரின் தலையை அதில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பான். நான் உள்ளறைப் பக்கம் அதே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படிப்பேன். முதல் ஆறு மாதம் அது வாசிப்பே இல்லை, யாரோ அண்டாவை உருட்டுகிற சத்தம்தான். அம்மா கண்டுபிடித்தபோது திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்துவிட்டாள்.

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி, போயும் போயும் கதவுக்கா வாசிச்சுக் காட்டுவான்?"

அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் நான் சொன்னதில்லை. பாடம் படிக்கிறேன் என்று புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தடித்த கம்பி என்றால் இடுப்புக்குக் கீழே, மெல்லிய கம்பி என்றால் தோள்பட்டைக்கு நடுவே என்று முதுகாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டையும் அந்தக் கதவில் சாய்ந்துதான் தாண்டினேன். அப்பா இல்லாத வீட்டில் முதுகுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்று தோன்றியதே, அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. அவன் வாசிக்காத நாட்களில் எனக்குப் படிப்பு ஓடாது. அன்றைக்கெல்லாம் காரணமில்லாமல் அவனிடம் சண்டை போடுவேன்.

இருபதாவது வயதில் அவன் ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்தான். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று மாவட்டம் முழுக்கப் போவார்கள். நானும் அம்மாவும் ஒருமுறை பார்க்கப் போனோம். பாடகர் முன்னால் நின்று ஆடினார், கீபோர்டுக்காரர் தலையை ஆட்டினார், டிரம்ஸ்காரர் கம்பைச் சுழற்றினார். அண்ணன் கடைசியில், ஸ்பீக்கர் நிழலில், யாரோ மறந்து விட்டுப்போன பொருள் மாதிரி நின்றிருந்தான். எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியவர் அவனை மட்டும் விட்டுவிட்டு, ஞாபகம் வந்து திரும்பவும் மைக்கை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"நெஜமாவே வாசிக்கறியா, இல்ல சும்மா நிக்க வச்சிருக்காங்களா?"

"நிறுத்தினா தெரியும்டி," என்றான்.

அதன் பிறகு அது வீட்டில் வழக்கமான கிண்டலாகிவிட்டது. அவன் கச்சேரிக்குக் கிளம்பும்போதெல்லாம், "போய் நல்லா நின்னுட்டு வா" என்பேன். அவனும் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தக் குழுவில் இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அவன் வாசிப்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது என்பதை எப்போதாவது ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கூடப் பிறந்தவனிடம் இதையெல்லாம் போய்ச் சொல்வார்களா என்ன?

இருபத்துநாலு வயதில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆரணிப் பக்கம். வரவேற்பை வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். நாள் பார்த்தது அவர்கள். நல்ல நாள்தான், ஆனால் பௌர்ணமி. பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் விசேஷம் வைப்பவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது உள்ளூரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் குறித்த நாளை மாற்றச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பெண் வீட்டார் என்றால் வாயைத் தைத்துக்கொண்டு வர வேண்டும் என்று யார் சொன்னார்களோ, நாங்கள் ஒழுங்காகத் தைத்துக்கொண்டோம்.

பெண்ணுக்கு அண்ணனாக வாசலில் நின்று வரவேற்க வேண்டியவன் அவன்தான். மாட்டேன் என்றுவிட்டான்.

"என் தங்கச்சி ரிசப்ஷனுக்கு நான் வாசிக்காம வேற எவன் வாசிப்பான்?"

ஒரு மாதமாகக் கூடத்தில் பயிற்சி நடந்தது. பாட்டுப் பட்டியலை எனக்குக் காட்டவே இல்லை.

எதிர்பார்த்தபடியே குழுவின் வேன் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஸ்பீக்கர்கள் வந்து இறங்கியபோது நானும் மாப்பிள்ளையும் மேடை ஏறியிருந்தோம். சத்தத்தைச் சரிபார்க்க நேரமே இல்லை. சவுண்டு சர்வீஸ்காரர் வாசல் பக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை வைத்து, கிடைத்த ஒயரைக் கிடைத்த இடத்தில் சொருகி, ஆரம்பித்துவிட்டார்.

முதல் பாட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் அவன் கதவில் வாசித்துப் பழகிய பாட்டு. இரண்டாவதும் அப்படித்தான். நான் முதுகால் கேட்ட பாட்டுகளை எல்லாம் அதே வரிசையில் அடுக்கி வைத்திருந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தது அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பட்டுப்புடவையும் மாலையுமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே, அடுத்தது எந்தப் பாட்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அது பெரிய கான்கிரீட் மண்டபம். சரிபார்க்காத பேஸ் அங்கே சுவரில் மோதித் திரும்பி, டொம் டொம் என்று நெஞ்சில் இடித்தது. மூன்றாவது பாட்டில் மாமனார் மேடை ஏறி என் அருகில் வந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவருக்கு இருதயத்தில் ஆபரேஷன்.

"நெஞ்சுல இடிக்கற மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்றியா?"

அது எங்கள் அண்ணன் வாசிக்கிறது மாமா என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதர், கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் புது மருமகள். "சரிங்க மாமா" என்றேன். கையை உயர்த்தி சவுண்டுக்காரரை அழைத்தேன். மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"அந்த டொம் டொம்னு வருதே, அதைக் கம்மி பண்ணுங்க. மாமாவுக்கு நெஞ்சுல இடிக்குதாம்."

"அது பேஸுங்க. உங்க அண்ணன் வாசிக்கறது."

"தெரியும். கம்மி பண்ணுங்க."

"இந்த மண்டபத்துக்குக் கம்மி பண்ணாலும் இடிக்கும்ங்க. வேணும்னா எடுத்துடறேன்."

போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்க மேடம் என்று கத்திக்கொண்டிருந்தார். எதிரே பரிசுப் பொட்டலங்களோடு ஒரு குடும்பம் காத்து நின்றது.

"எடுத்துடுங்க," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், போட்டோவுக்காக.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அது நின்றது. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, மண்டபத்தில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் முதுகுக்குப் பின்னால் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆனது. நிறுத்தினால் தெரியும் என்றானே, எனக்குத் தெரிந்தது. பயந்து போய் அவன் பக்கம் பார்த்தேன். வாசித்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, வழக்கம்போல. அப்பாடா, அவனுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கச்சேரி நடந்தது. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பத்துத் தடவையும் வாசித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் குடும்பப் படம் எடுக்க மேடைக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"சூப்பரா வாசிச்சண்ணா," என்றேன்.

"சாப்டியாடி?" என்றான்.

ஆறு மாதத்தில் அவன் குழுவைவிட்டு விலகினான். மோட்டார் பம்பு விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஏன் என்று கேட்டால், "நின்னு நின்னு கால் வலிக்குது" என்று என் கிண்டலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டான். அந்தத் தேக்குக் கதவில் மட்டும் எப்போதாவது வாசிப்பான் என்று அம்மா சொல்லுவாள். நான் வேங்கிக்காலில் வீடும் அலுவலகமும் பிள்ளையுமாக இருந்தேன். பத்து நிமிடத் தொலைவு. தெரிந்துதான் பேஸை எடுத்தார்களா என்று அவன் ஒருமுறையும் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா என்று நானும் கேட்கவில்லை. பதினாறு வருடம் ஒன்றாகத் தீபாவளி கொண்டாடினோம், மாட்டுப் பொங்கலுக்குச் சேர்ந்து சாப்பிட்டோம், இது மட்டும் வாய்வரை வந்து திரும்பிப் போய்விடும்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தான். டெங்கு. ஐந்தாம் நாள் போய்விட்டான். நாற்பத்துமூன்று வயது. காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியானதும், அவன் வாசித்ததை ஒரே ஒருமுறை கேட்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது. அவன் கச்சேரிக்குப் போன காலத்தில் எல்லோர் கையிலும் வீடியோ எடுக்கிற போன் கிடையாது. குழு கலைந்து எவ்வளவோ காலமாகிறது. யார் யாரையோ கேட்டு, ஒரு தேர்த் திருவிழாவில் எடுத்த ஒரு நிமிட வீடியோ கிடைத்தது. அதில் நாதஸ்வரம் மாதிரி ஒரு பீப்பீயும் குழந்தை அழுகையும்தான் கேட்டது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நூறு தடவை கேட்டேன். குழந்தைதான் அழுதது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. என் வரவேற்பு வீடியோ. மூன்று மணி நேரம், நல்ல காமிரா, சத்தம் துல்லியம். ஏனென்றால் வீடியோக்காரர் மிக்ஸரிலிருந்தே ஒயர் இழுத்துப் பதிவு செய்திருந்தார். மிக்ஸரில் எது இல்லையோ அது வீடியோவிலும் இல்லை. மூன்றாவது பாட்டின் நடுவிலிருந்து என் அண்ணன் ஒரு சத்தமும் இல்லாமல் விரல்களை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதற்கு முந்தைய இரண்டரைப் பாட்டிலும் அசல் சத்தம் இல்லை, விருந்தினர் வருகைக்கு என்று அந்த வீடியோ மடையன் எங்கேயோ கிடைத்த வேறு இசையைச் சேர்த்திருக்கிறான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தன் வினை தன்னைச் சுடும்.

அந்த சவுண்டு சர்வீஸ்காரர் இப்போது வேங்கிக்காலிலேயே கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்து, இரண்டு மாதம் முன்பு ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில் போனேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். பழைய பதிவு ஏதாவது இருக்குமா என்றேன். உதட்டைப் பிதுக்கினார். திரும்பிவிடலாம் என்று செருப்பை மாட்டியவள், மாட்டின காலோடு நின்று கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி எங்க அண்ணனுக்குத் தெரியுமாங்க?"

எது என்று அவர் கேட்கவில்லை.

"தெரியாம எப்படிம்மா இருக்கும்? அவருக்குத் தனியா ஆம்ப் பொட்டி கெடையாது. நான் எடுத்ததுமே அவருக்கும் நின்னு போச்சு. அந்தப் பாட்டு முடிஞ்சதும் எறங்கி வந்தாரு. 'லைன் போச்சா?'ன்னாரு. நான், 'இல்ல, உன் தங்கச்சிதான் எடுக்கச் சொன்னாங்க, மாமனாருக்கு நெஞ்சு அடைக்குதாம்'னேன்."

"என்ன சொன்னாரு?"

"'சரி, அப்ப போடாத'ன்னாரு. நான்தான் சொன்னேன், 'சும்மா எதுக்கு அங்க நின்னுனு இருக்கற, போய் சாப்டு'ன்னு. 'நான் எறங்கிட்டா அவ பார்த்துடுவா. அப்புறம் இன்னிக்கி முழுக்க அதையே நெனச்சினு நிப்பா'ன்னு சொல்லிட்டு, மறுபடியும் போய் மாட்டிக்கினாரு."

நான் பத்துத் தடவை பார்த்தேன் என்று சொன்னேனே. பத்துத் தடவையும் நான் பார்ப்பேன் என்று தெரிந்துதான் அவன் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"அதனாலதான் குழுவை விட்டாரா?"

"அது தெரியலம்மா," என்றார். "நான் கேட்டுக்கல."

பொய்யாகவாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். ஆபீசுக்குத் திரும்பி, கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். மாமனாருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. தினமும் காலையில் நடைபயிற்சி போகிறார், நெஞ்சு நன்றாக இருக்கிறது. இருக்கட்டும். அவர் கம்மி பண்ணத்தான் சொன்னார், எடுக்கச் சொன்னது நான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அந்த வெள்ளைக்காரம்மாவின் கிட்டார் அண்ணன் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். எதிரே நாற்காலியில் போனை வைத்து வீடியோவை ஓடவிட்டு, அவன் விரல் எந்தக் கம்பியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் என் விரலை வைத்து வாசிக்கப் பார்க்கிறேன். காமிரா பாதி நேரம் பந்தியையும் பரிசுப் பொட்டலத்தையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணன் தெரிவது எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிடம். விரல் நுனியெல்லாம் கொப்புளம். தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டீர்களா என்று ஆபீசில் கேட்டார்கள், ஆமாம் என்றேன். நான் வாசிப்பது இன்னமும் அண்டா உருட்டுகிற சத்தம்தான். கிட்டாரின் தலையைத் தேக்குக் கதவில் அழுத்தி வைத்துக்கொள்கிறேன். உள்ளறையில் அம்மா படுத்திருக்கிறாள். முதல் நாள் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இப்போதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் பாயைப் போட்டுக்கொள்கிறாள்.

அந்தப் பதினோரு நிமிடத்தின் தொடக்கத்தில் ஓர் இடம் வருகிறது. மேடையில் நான் சவுண்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறேன். காமிரா அப்படியே இசைக்குழு பக்கம் திரும்புகிறது. அண்ணன் வாசித்துக்கொண்டிருக்கிறான். திடீரென்று கை நிற்கிறது. குனிந்து ஒயரைப் பார்க்கிறான். மிக்ஸர் இருக்கும் பக்கம் பார்க்கிறான். பிறகு மேடைப் பக்கம், என்னை. நாலு எண்ணுகிற நேரம்தான். அப்புறம் மறுபடியும் வாசிக்க ஆரம்பிக்கிறான்.

அந்த இடம் வரும்போது நானும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நாலு எண்ணுகிறேன். வாசிக்கத் தொடங்கி இத்தனை வாரத்தில் நான் பிசகாமல் வாசிப்பது அது ஒன்றைத்தான்.